பொட்டாசியம் 2.9: சிரப் போதுமா, டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமா?

தேவகோட்டைப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான செவிலியர் ஒருவர் கேட்டிருக்கிறார். 74 வயது ஆச்சி. இதயம் பலவீனமாக இருப்பதால் பல வருடமாக லாசிக்ஸ் மாத்திரை (தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) எடுப்பவர். நான்கு நாள் வயிற்றுப்போக்கோடு வந்து சேர்ந்திருக்கிறார். பொட்டாசியம் 2.9. டாக்டர் பொட்டாசியம் சிரப் எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகனோ, "எங்க ஆத்தாவுக்கு வெறும் சிரப்தானா? டிரிப்ஸ் ஏத்த மாட்டீங்களா?" என்று போனில் கோபப்பட்டிருக்கிறார். எது சரி, எதை வைத்து முடிவு செய்வது என்பது கேள்வி. மருந்தை முடிவு செய்வது டாக்டர். அவர் எழுதியது இந்த ஆச்சிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு செவிலியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் டாக்டரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றுதான் நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் காரைக்குடி வட்டாரத்தில் 23 வருடமாகச் செவிலியர். முதலில் அறுவை சிகிச்சை வார்டு, பிறகு ஐசியூ, இப்போது மாணவிகளுக்குப் பாடமும் எடுக்கிறேன். ஆச்சியை நான் பார்க்கவில்லை, ஈசிஜியையும் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அவர் வாந்தி எடுக்காமல், விழுங்க முடிகிறவராக, கை கால் அசைக்கிறவராக, ஈசிஜியில் மாற்றம் இல்லாதவராக இருந்தால், சிரப் எழுதியது சரியான முடிவு. மகன் நினைப்பது போல அது அலட்சியமான வைத்தியம் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. ரத்தத்தில் நாம் அளப்பது மீதி இரண்டு சதவீதத்தை. ரத்த அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிஈக்விவலன்ட் வரை இருப்பது இயல்பு (பொட்டாசியத்தை அளக்கும் அலகு இது, வார்டில் எம்இக்யூ என்போம், நானும் அப்படியே எழுதுகிறேன்). அது 1 குறைந்தால், உடம்பு முழுவதிலும் 200 முதல் 400 எம்இக்யூ வரை குறைந்திருக்கலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இது தோராயம்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஆச்சியின் 2.9 என்பது ஏறக்குறைய 200 எம்இக்யூ கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடனை எந்த வழியில் அடைப்பது?

இப்போது டிரிப்ஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கையில் போட்ட கேனுலா வழியாக ஏற்றும்போது, பெரும்பாலான மருத்துவமனைகளில் ஒரு லிட்டரில் 40 எம்இக்யூவுக்கு மேல் கலக்க மாட்டார்கள், மணிக்கு 10-க்கு மேல் விட மாட்டார்கள். 200 எம்இக்யூ உள்ளே போக 5 லிட்டர் சலைனும் 20 மணி நேரமும் வேண்டும். ஏற்கனவே தண்ணீர் தேங்கக் கூடாது என்று லாசிக்ஸ் எடுக்கிற பலவீனமான இதயத்துக்குள் 5 லிட்டர் சலைன். நுரையீரலில் நீர் கோத்துவிடும். சிரப்பிலோ 20 எம்இக்யூ வெறும் 15 மில்லியில் அடங்குகிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 10 சதவீத சிரப்பின் அளவு அதுதான். குடல் நன்றாக உறிஞ்சினால், மருந்து மெதுவாக ரத்தத்துக்கு வந்து, செல்லுக்குள் போய்ச் சேர நேரம் கிடைக்கிறது. ரத்த அளவு திடீரென்று எகிறாது. உடம்பின் இயல்பான பாதையும் அதுதான், நாம் தினமும் சாப்பாட்டில் எடுக்கிற பொட்டாசியம் எல்லாம் அந்த வழியாகத்தானே வருகிறது. மகனிடம் பேசும்போது இந்த 5 லிட்டர் கணக்கைச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து கோபமாகக் கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் அதைக் கேட்டதும் நிதானமாகிவிடுவார்கள்.

நம் பக்கத்தில் இது அடிக்கடி வரும். பெரிய வீட்டில் ஆச்சியும் ஐயாவும் மட்டும் இருப்பார்கள், பிள்ளைகள் சென்னையிலோ கடல் தாண்டியோ இருப்பார்கள். பக்கத்தில் இருந்து பார்க்க முடியாத தவிப்பு, "டிரிப்ஸ் ஏத்துங்க" என்ற வார்த்தையாக வெளியே வருகிறது. கம்பியில் பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்ற எண்ணம் இங்கே தலைமுறையாக ஊறிப்போனது. அவரிடம் விவாதம் செய்ய வேண்டாம். என்ன கொடுக்கிறோம், எப்போது திரும்பப் பரிசோதிப்போம், எந்த நிலை வந்தால் டிரிப்ஸுக்கு மாறுவோம் என்ற மூன்றையும் நேரம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

சரி, எப்போது நரம்பு வழிதான் வேண்டும்? (உண்மையில் ஏற்றுவது சிரையில். ஊர் வழக்கில் நரம்பு என்கிறோம், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.) சந்தேகமில்லாத இடங்கள் இவை. அளவு 2.5-க்குக் கீழே போனால். ஈசிஜியில் டி அலை தட்டையாகி அதன் பின்னால் யு என்ற சின்ன அலை தலைகாட்டினாலோ, துடிப்பு ஒழுங்கு தப்பினாலோ. கால் தூக்க முடியாத அளவு தசை தளர்ந்தால், முக்கியமாக மூச்சு விடுவதே பலவீனமானால். வாந்தி நிற்காதவருக்கும், குடல் அசைவே நின்று வயிறு உப்பியவருக்கும், வாய் வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதியவருக்கும் வேறு வழி இல்லை. சர்க்கரை அதிகமாகிக் கீட்டோன் சேர்ந்த நிலையும் இதில் சேரும். அங்கே பொட்டாசியம் 3.3-க்கோ 3.5-க்கோ கீழே இருந்தால் (வழிகாட்டிகளில் இந்த எண் மாறுபடுகிறது) முதலில் பொட்டாசியம், பிறகுதான் இன்சுலின். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும் என்பதால் வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. இதயத்துக்காக டிகாக்சின் எடுப்பவர்களுக்குக் குறைந்த பொட்டாசியம் மிகவும் கெடுதல். ஆச்சியின் மாத்திரைப் பையைத் திறந்து டிகாக்சின் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், அந்த ஒரு தகவல் முடிவை மாற்றலாம்.

2.5-க்கும் 3-க்கும் நடுவில் இருப்பதுதான் சிக்கலான இடம், உங்கள் ஆச்சி அதற்குள்தான் நிற்கிறார். இங்கே எல்லா டாக்டரும் ஒன்று போல முடிவு செய்வதில்லை. அறிகுறி இல்லாதவருக்குச் சிலர் சிரப் மட்டும் எழுதுவார்கள், இதய நோயாளி என்றால் சிலர் சிரப்போடு ஒரு பாட்டில் டிரிப்ஸும் சேர்ப்பார்கள். இரண்டும் தவறில்லை. தீவிரக் குறைவில்கூட டிரிப்ஸை ஆரம்பித்துவிட்டு, நோயாளி குடிக்கக் கூடியவராக இருந்தால் சிரப்பையும் சேர்த்தே கொடுப்பது நல்ல பழக்கம். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்று கட்டாயமில்லை.

எந்த வழி என்றாலும், முதல் மில்லி உள்ளே போகும் முன்பு பார்க்க வேண்டியது சிறுநீர். நான்கு நாள் வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருந்தால் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கலாம். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) என்ன, காலையிலிருந்து எவ்வளவு சிறுநீர் போயிருக்கிறார் என்று தெரியாமல் பொட்டாசியம் கொடுக்காதீர்கள். உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது போக வேண்டும் என்பது வார்டுக் கணக்கு. ஐம்பது கிலோ ஆச்சிக்கு மணிக்கு 25 மில்லி. அதற்குக் குறைந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேளை மருந்து. வெளியே போகும் வழி அடைத்திருக்கும்போது உள்ளே கொட்டினால், குறைவாக இருந்தது இரவுக்குள் அதிகமாகிவிடும். அதிகமான பொட்டாசியம் குறைவானதைவிட வேகமாக இதயத்தை நிறுத்தும்.

இன்னொன்று மெக்னீசியம். இதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். லாசிக்ஸும் வயிற்றுப்போக்கும் பொட்டாசியத்தோடு மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். மெக்னீசியம் குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது, நாம் கொடுக்கக் கொடுக்கச் சிறுநீரில் விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் சிரப்போ டிரிப்ஸோ கொடுத்தும் எண் நகரவில்லை என்றால், அளவைக் கூட்டுவதற்கு முன்பு "மெக்னீசியம் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: வயிற்றுப்போக்கு நிற்கும் வரை லாசிக்ஸைத் தொடர வேண்டுமா? நிறுத்துவது நம் கையில் இல்லை, ஆனால் கேட்பது நம் கடமை. ஒரு பக்கம் ஓட்டையை வைத்துக்கொண்டு மறுபக்கம் ஊற்றுவதில் பயனில்லை.

டிரிப்ஸில் பொட்டாசியம் போடுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எட்டு மாத அனுபவத்தில் இதை யாராவது உங்களிடம் உட்கார்ந்து சொல்லியிருப்பார்களா தெரியவில்லை. கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) ஆம்பூல் 10 மில்லியில் 20 எம்இக்யூ இருக்கும். அதை நேராக ஊசியில் இழுத்து நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். எந்த அவசரத்திலும், யார் சொன்னாலும், அப்படிக் கொடுக்கக் கூடாது. உலகம் முழுவதும் இந்தத் தவறில் உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவில் மருத்துவமனைகளை மதிப்பிடும் ஜாயின்ட் கமிஷன் 1998-இல் தன் எச்சரிக்கை வரிசையைத் தொடங்கியபோது முதல் எச்சரிக்கையே கேசிஎல் பற்றித்தான். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நோயாளிப் பாதுகாப்பு வழிமுறைகளிலும் அடர்த்தியான உப்புக் கரைசல்களைக் கட்டுப்படுத்துவது ஒன்று. மரணங்களில் பல, வேறு மருந்து என்று நினைத்து இந்த ஆம்பூலை எடுத்ததால் நடந்தவை. உங்கள் வார்டு டிரேயில் கேசிஎல், டிஸ்டில்ட் வாட்டர், லாசிக்ஸ் எல்லாம் ஒரே டப்பாவில் கிடந்தால், இன்று இரவே கேசிஎல்லை மட்டும் எடுத்துத் தனியாகப் பூட்டி வையுங்கள். பெரிய மருத்துவமனையாக இருக்க வேண்டியதில்லை, ஒரு சின்ன டப்பாவும் சிவப்பு ஸ்டிக்கரும் போதும்.

என் இரண்டாவது வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு டியூட்டி. பாதி ஓடிக்கொண்டிருந்த சலைன் பாட்டிலில் எனக்கு முந்தைய ஷிப்டில் கேசிஎல் ஊற்றியிருந்தார்கள். பாட்டிலை இறக்கவில்லை, கலக்கவும் இல்லை. பொட்டாசியம் கரைசல் கனமானது, அடியில் தங்கி முதலில் அதுவே இறங்கும். பத்து நிமிடத்தில் அந்த ஐயா "கை எரியுதும்மா, நெருப்பு வைச்ச மாதிரி எரியுது" என்று கத்தினார். ஓடிப்போய் நிறுத்தினேன். தோளிலிருந்து விரல் வரை அவர் கை நடுங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஈசிஜி எடுத்தோம், மாற்றம் எதுவும் இல்லை, காலையில் அவர் நன்றாக இருந்தார். அன்றிலிருந்து தொங்குகிற பாட்டிலில் நான் கேசிஎல் சேர்த்ததில்லை. புது பாட்டிலை மேஜையில் வைத்து, ஊற்றி, பத்துத் தடவையாவது தலைகீழாகத் திருப்பிக் கலக்கி, மருந்தின் அளவும் நேரமும் எழுதி ஒட்டி, இன்னொரு செவிலியரைப் பார்க்கச் சொல்லி, பிறகுதான் மாட்டுவேன். என் மாணவிகளையும் அப்படியே பழக்குகிறேன்.

பம்ப் இல்லாத சிறிய மருத்துவமனையில் சொட்டு எண்ணித்தான் விட வேண்டும். 500 மில்லி சலைனில் 20 எம்இக்யூ போட்டு நான்கு மணி நேரத்தில் விட்டால் மணிக்கு 5 எம்இக்யூ. மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு. நோயாளி முழங்கையை மடக்கியிருக்கும்போது எண்ணிவிட்டுப் போனால், அவர் கையை நீட்டியதும் வேகம் கூடிவிடும். அதனால் ஒரு தடவை எண்ணுவது போதாது, அரை மணிக்கு ஒரு முறை திரும்ப எண்ணுங்கள், கேனுலா இடத்தைத் தொட்டுப் பாருங்கள். எரிச்சல் என்றால் வேகத்தைக் குறைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். வீங்கியிருந்தால் உடனே நிறுத்துங்கள், வெளியே கசிந்த கேசிஎல் தோலையே அரித்துவிடும். குளுக்கோஸ் பாட்டிலில் கலப்பதைவிட நார்மல் சலைன் நல்லது, ஏனென்றால் குளுக்கோஸ் இன்சுலினைத் தூண்டி இருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துவிடும். மணிக்கு 10-க்கு மேல் என்று எழுதியிருந்தால் தொடர்ந்து ஈசிஜி மானிட்டர் வேண்டும், 20 என்பது பொதுவாக சென்ட்ரல் லைனும் (இதயத்துக்கு அருகே பெரிய சிரையில் போடும் குழாய்) ஐசியூவும் உள்ள இடத்து வேகம். அந்த வசதி இல்லாத இடத்தில் அந்த ஆர்டர் வந்தால், காரைக்குடிக்கோ சிவகங்கைக்கோ அனுப்புவது பற்றி டாக்டரிடம் பேசத் தயங்காதீர்கள்.

சிரப்புக்கும் பக்குவம் உண்டு. அப்படியே ஒரே மடக்கில் குடிக்கக் கொடுத்தால் வயிற்றைப் புரட்டி வாந்தி வரும், பிறகு "சிரப் ஒத்துக்கவில்லை" என்று டிரிப்ஸுக்கு ஓடுவோம். 15 மில்லியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, பலகாரமோ கஞ்சியோ சாப்பிட்ட பிறகு, உட்கார வைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு நாள் அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத்தான் பொதுவாக எழுதுவார்கள். நீண்ட நேரம் கரைகிற மாத்திரை எழுதியிருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது. தொண்டையிலோ உணவுக்குழாயிலோ தங்கினால் புண்ணாகிவிடும். வயிற்றுப்போக்கு இருக்கும்போது சிரப் அதைக் கூட்டுகிறதா என்றும் கவனியுங்கள். ஓஆர்எஸ் ஒரு லிட்டரில் 20 எம்இக்யூ பொட்டாசியம் இருக்கிறது, டாக்டர் அனுமதிக்கிற அளவு கொடுத்தால் அதுவும் கணக்கில் சேரும்.

இளநீரும் வாழைப்பழமும் போதாதா என்று வீட்டார் நிச்சயம் கேட்பார்கள். நடுத்தர அளவுப் பழத்தில் 10 எம்இக்யூ போல இருக்கும், ஒரு இளநீரில் அதைவிட அதிகமும் இருக்கலாம். குணமானவர் அளவைத் தக்கவைத்துக்கொள்ள அவை நல்லவை. 2.9-ஐ நிமிர்த்த அவை போதாது. லாசிக்ஸால் வந்த குறைவில் பொட்டாசியத்தோடு குளோரைடும் போயிருக்கும். பழத்தில் இருக்கும் பொட்டாசியம் பெரும்பாலும் குளோரைடாக இல்லாததால் சிரப் அளவுக்கு உடம்பில் நிற்காது. அதே சமயம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இதே இளநீர் ஆபத்து. கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பும் அப்படித்தான், அதில் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது. ஆச்சி ஸ்பைரனோலாக்டோன் போல பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும் மாத்திரையும் எடுப்பவர் என்றால் சமையலறையில் எந்த உப்பு என்று மருமகளிடமோ சமையல்காரம்மாவிடமோ கேட்டு வையுங்கள்.

அந்த 2.9 நம்பத்தக்கதா என்றும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். நம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதல்லவா, பொட்டாசியத்தை அளப்பதும் மின்வேதியியல்தான், பொட்டாசியத்தை மட்டும் அடையாளம் காணும் ஒரு மின்முனை. கருவி நல்லதாக இருந்தும் ரத்தம் எடுத்த விதம் எண்ணைக் கெடுக்கும். டிரிப்ஸ் ஓடுகிற கையில் எடுத்தால் தப்பு. ஊசியில் வேகமாக இழுத்துச் சிவப்பணு உடைந்தால் அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கிராமத்தில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் லேபுக்கு அனுப்பினாலும் கூடிவிடும். அதனால் உண்மையான குறைவு மறைந்து, ரிப்போர்ட்டில் எல்லாம் இயல்பு என்று தெரியும். சித்திரை வைகாசி வெயிலில் மணிக்கணக்கில் பைக் பெட்டியில் போகும் ரத்தம் சில சமயம் கொஞ்சம் குறைவாகக் காட்டும். ஆச்சிக்கு வயிற்றுப்போக்கும் லாசிக்ஸும் இருப்பதால் 2.9 கதையோடு பொருந்துகிறது. பொருந்தாத எண் வந்தால் மட்டும், தாமதிக்காமல் புது ரத்தம் எடுத்து ஈசிஜியோடு சேர்த்துப் பாருங்கள்.

எதுவரை ஏற்ற வேண்டும் என்பதில் கருத்து இன்னும் ஒருமுகப்படவில்லை. இதய நோயாளிக்கு 4-க்கு மேல் வைக்க வேண்டும் என்று நாங்கள் படித்தோம், ஐசியூவில் அப்படித்தான் பழகினோம். மாரடைப்பு வந்தவர்களைப் பற்றி 2012-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 3.5 முதல் 4.5 வரை இருந்தவர்களே நன்றாக இருந்தார்கள். இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 3.6-க்குக் கீழே போனால் மட்டும் கொடுத்தாலும் போதும் என்று 2024-இல் ஒரு ஆய்வு காட்டியது. அதற்கடுத்த வருடமே, அதிர்ச்சிக் கருவி (துடிப்பு தப்பினால் உள்ளிருந்தே மின் அதிர்ச்சி கொடுப்பது) பொருத்திய இதய நோயாளிகளுக்கு 4.5-க்கு மேல் வைத்தது பயன் தந்தது என்று இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு நோயாளிகளைப் பற்றியது. ஆகவே ஆச்சிக்கு எந்த எண் இலக்கு என்று டாக்டரிடம் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், 3.7 வந்ததும் நிறுத்துவதா தொடர்வதா என்ற குழப்பம் ஷிப்ட் மாறும்போது வராது.

இன்றிரவு உங்கள் வேலை இதுதான் தங்கச்சி. சிறுநீர் அளவை எழுதுங்கள். ஈசிஜி எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு வேளையும் ஆச்சியைக் காலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், கை கொடுத்து அழுத்தச் சொல்லிப் பாருங்கள். சிரப் குடித்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தால், நெஞ்சு படபடப்பு என்றால், மூச்சு வாங்கினால், கால் தளர்ந்தால், விடியும் வரை காத்திருக்காமல் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள். காலையில் திரும்பவும் பொட்டாசியம், கிரியாட்டினின், முடிந்தால் மெக்னீசியம். அந்த ரிப்போர்ட் வந்ததும் மகன் கூப்பிடும் வரை காத்திராமல் மருத்துவமனை போனிலிருந்து நீங்களே அவரைக் கூப்பிட்டு எண்ணைச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை என்று தேதியோடு சீட்டில் எழுதி, ஆச்சி கையில் மட்டும் கொடுக்காமல் அந்தச் சீட்டைப் படம் எடுத்து மகனுக்கும் அனுப்பிவிடுங்கள்.